அறுகிறதா, அவிழ்கிறதா? கையால் திரித்த நார்க்கயிற்றில் வரும் கோளாறுகள்

திருவொற்றியூரில் எங்கள் மாடித் தோட்டத்து அவரைப் பந்தலுக்குப் பிளாஸ்டிக் கயிறு வாங்குவதை நிறுத்திவிட்டு, பக்கத்துக் காலி மனையில் மண்டிக் கிடந்த எருக்கில் நார் எடுக்கத் தொடங்கினேன். எருக்கங்குச்சிகளை அள்ளிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து, "பிள்ளையார் சதுர்த்திக்கு இன்னும் நாள் இருக்கிறதே தம்பி?" என்று சிரித்த எதிர்வீட்டு அக்காவே அடுத்த மாதம் வந்து கற்றுக்கொண்டார். இப்போது சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேராவது மொட்டைமாடியில் உட்கார்ந்து தொடையில் நார் உருட்டுகிறார்கள். ஆட்கள் மாறுகிறார்கள், கோளாறுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

கயிறு அறுந்ததும் எல்லோரும் முதலில் செடியைத்தான் திட்டுகிறார்கள். எருக்கு உதவாது, துத்தி சொத்தை, கடையில் சணல் வாங்கியிருக்கலாம் என்கிறார்கள். எருக்கு நாரில் வில்லுக்கு நாணும் தூண்டிலுக்குக் கயிறும் திரித்த நாடு இது. மருள் கற்றாழையும் வில் நாணுக்குப் பேர்போனதுதான். எங்கள் மாடியில் அறுந்த கயிறுகளில் பத்துக்கு ஒன்பதில் தப்பு செடியில் இல்லை, திரித்த கையில் இருந்தது.

உங்கள் கயிறு என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணம் முதலிலும், நாரையே தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டிய காரணம் கடைசியிலும் இருக்கும்.

## கண்ணில் பால் பட்டது, கை அரிக்கிறது

இது காத்திருக்காது என்பதால் இதையே முதலில் வைக்கிறேன்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிதாக வலிக்காமலே போகலாம். சில மணி நேரம் கழித்துப் பார்வை மட்டும் பனி மூடியதுபோல மங்கும். வலிதான் இல்லையே என்று படுத்துத் தூங்கிவிடுவதில்தான் ஆபத்து. குழாயடியில் இமையை விரித்துப் பிடித்துக் கால் மணி நேரம் தண்ணீர் ஓடவிடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையும் விடாதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வடசென்னைக்காரர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை கைக்கெட்டும் தூரம்தான். 1819இல் தொடங்கிய மருத்துவமனை அது.

ஆனைக்கற்றாழையை வழிக்கும்போது கையும் முன்னங்கையும் அரித்தால் அது சாற்றின் வேலை. சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த முறை கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். கொப்புளம் எழும்பினால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எருக்கை வெட்டியவுடன் உரிக்காமல் இரண்டு நாள் நிழலில் போட்டுவைத்தால் பால் வற்றிவிடும். பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

## உரிக்கும்போதே நார் துண்டு துண்டாக வருகிறது

குச்சியைப் பாருங்கள். கிளை பிரிந்த இடத்திலெல்லாம் நார் அறும். கட்டை விரலுக்குமேல் பருமன் போகாத, கிளை விடாத, நேரான தண்டுதான் வேண்டும். பூங்கொத்து நிறைந்த புதரை விட்டுவிட்டு, பக்கத்தில் விர்ரென்று உயர்ந்த இளந்தண்டைத் தேடுங்கள்.

காய்ச்சலைப் பாருங்கள். எருக்கு பச்சையாக இருந்தால் பட்டையோடு சதையும் வரும். முழுக்கக் காய்ந்தால் பட்டை கட்டையைவிட்டு வராது. வளைத்தால் மடங்க வேண்டும், நசுக்கினால் கட்டை உள்ளே 'சடக்' என்று உடைய வேண்டும். அந்தப் பதத்தில் உரியுங்கள். தண்டை நீளவாக்கில் நசுக்கிப் பிளந்து, உள்கட்டையை விரற்கடை விரற்கடையாக ஒடித்து வெளியே தள்ளுங்கள். நாரை இழுக்காதீர்கள், கட்டையைத் தள்ளுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை எதிர்வீட்டு அக்கா மூன்று வாரம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊறலைப் பாருங்கள். துத்தியும் பூவரசம்பட்டையும் எருக்கைப் போல உலர்த்தி உரிக்கும் சரக்கு அல்ல, ஊறவைக்க வேண்டியவை. மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு கீற்றை எடுத்துக் கிள்ளிப் பாருங்கள். மேல்பட்டை வழுக்கிக்கொண்டு வந்தால் எடுத்துவிடலாம். வரவில்லை என்றால் இன்னும் ஒரு நாள் விடுங்கள். கிள்ளியதும் நாரே கூழாகப் பிய்ந்தால் ஊறல் மிஞ்சிவிட்டது. அதற்கு மருந்து இல்லை, உரக்குழியில் போடுங்கள். சென்னை வெயிலில் இந்த எல்லையைத் தாண்ட ஒரே ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் போதும்.

ஊறவைக்கப் பக்கிங்காம் கால்வாய்க்கோ கொசஸ்தலையாற்றுக்கோ போகாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்ததை நாம் பார்த்தோம். மூடியுள்ள பழைய டிரம் ஒன்றும் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றத் தண்ணீரும் போதும். மூடி நாற்றத்துக்காக மட்டுமில்லை, கொசுவுக்காகவும்தான். பூவரசுக்காக நிற்கிற மரத்தை உரிக்க வேண்டாம். காற்றடித்தால் கிளைகள் தாமாகவே தெருவில் விழும்.

## முறுக்கும்போது நார் ஒடிகிறது

எளிய காரணம் ஈரமின்மை. பூக்கட்டும் அம்மாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? வாழை நாரை ஈரத்துணிக்குள் சுருட்டிவைத்து, தேவைப்படும்போது ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். தண்ணீரில் மிதக்கவிடமாட்டார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். தொட்டால் குளிர வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது.

ஈரமிருந்தும் ஒடிகிறதென்றால் நாரில் மேல்பட்டை ஒட்டியிருக்கும். விரல் நகத்தால் சுரண்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து உதிருங்கள்.

அதுவும் இல்லையென்றால் தூசி. எண்ணூர், மணலிப் பக்கம் கண்டெய்னர் லாரி ஓடுகிற சாலையோரத்துச் செடியில் சாம்பலும் மண்ணும் பட்டையோடு படிந்திருக்கும். முறுக்கும்போது அந்தத் துகள் உப்புத்தாள்போல நாரை அறுக்கும். உரிக்கும் முன் தண்டை ஈரத்துணியால் துடையுங்கள். தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் எருக்கு எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அங்கே போகாதீர்கள்.

கடைசிச் சோதனை: ஒரு இழையில் ஈரத்தோடு ஒரு முடிச்சுப் போட்டு மெல்ல இறுக்குங்கள். முடிச்சு இறுகும் முன்பே ஒடிந்தால் நார் கெட்டது. வேறு தண்டு வெட்டுங்கள்.

## கையை எடுத்ததும் அவிழ்ந்துவிடுகிறது

இரண்டு முறுக்கும் ஒரே பக்கம் போகின்றன. புதிதாக வருபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான். புரிகள், அதாவது கயிற்றுக்குள் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நார்க்கற்றைகள், ஒரு பக்கம் முறுக்கேற வேண்டும். அவை ஒன்றையொன்று சுற்றுவது அதற்கு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்று அவிழப் பார்க்கும்போது மற்றது இறுகும். நாரை நடுவில் மடித்து இடது கையால் பிடியுங்கள். உங்களுக்கு அப்பால் இருக்கும் புரியை அப்பால் பக்கமாகவே முறுக்கி, முறுக்கியதை உங்களை நோக்கி மற்றதன் மேல் கொண்டுவாருங்கள். இப்போது மற்றது அப்பால் போய்விட்டது. அதை முறுக்குங்கள், இப்பால் கொண்டுவாருங்கள். மெதுவாக இருபது தடவை செய்தால் கை பழகிவிடும், மூளை குறுக்கே வராது.

முறுக்கு போதவில்லை. கயிற்றை இரு கையாலும் உள்நோக்கித் தள்ளுங்கள். புரிகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் முறுக்கு குறைவு. தள்ளாமல் விட்டாலும் தானாகவே சுருண்டு கொக்கிபோல மடங்கினால் முறுக்கு அதிகம்; அதுவும் கேடுதான், நாரின் பலத்தை முறுக்கே தின்றுவிடும்.

படியவைக்கவில்லை. திரித்து முடித்த கயிற்றை நன்றாக நனைத்து, கீழே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, நிழலில் ஒரு இரவு தொங்கவிடுங்கள். பாட்டில் சுழலாதபடி சுவரோடு சாய்த்துவையுங்கள். காய்ந்தபின் முறுக்கு நிலைத்துவிடும்.

## ஒரு புரி நேராகவும் மற்றது அதைச் சுற்றிக்கொண்டும் போகிறது

ஒரு புரி தடிமனாக இருக்கிறது, அல்லது ஒன்றை மட்டும் இழுத்துப் பிடிக்கிறீர்கள். சுற்றுகிற புரிக்குக் கொஞ்சம் நார் சேர்த்து, இழுப்பைச் சமன்செய்யுங்கள். ஒரு சாணுக்குமேல் அப்படிப் போயிருந்தால் அவிழ்த்துத் திரும்பத் திரியுங்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் சுமை முழுவதும் நேராகப் போகும் புரியின் தலையில்தான் விழும்.

## சுமை ஏற்றினால் அறுகிறது

எந்தச் சுமையில், எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியாமல் இதைச் சரிசெய்ய முடியாது. கையால் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. அதில் தெரிவது உங்கள் கோபத்தின் அளவு மட்டும்தான்.

நான் செய்வது இப்படி. துணி உலர்த்தும் இரும்புக் குழாயில் கயிற்றின் ஒரு முனையை ஆறு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைத் தளர்வாகக் கட்டிவிடுவேன். உராய்வே பிடித்துக்கொள்ளும், முடிச்சின் மேல் பாரம் விழாது. கீழ் முனையையும் அப்படியே ஒரு உருட்டுக்கட்டையில் சுற்றி, அதில் வாளியை மாட்டுவேன். வாளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குமேல் போகக் கூடாது. அடியில் பழைய சாக்கு. பிறகு ஒரு லிட்டர் குவளையால் தண்ணீர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஒவ்வொரு குவளைக்கும் நடுவே முப்பது எண்ணுங்கள். வாளியின் எடையையும் கட்டையின் எடையையும் சேர்க்க மறக்காதீர்கள். முகத்தைக் கயிற்றுக்கு நேரே வைக்காதீர்கள். அறுந்த முனை சாட்டைபோல வரும். ஒருமுறை கயிறு அசையாமல் நிற்க, வாளியின் கைப்பிடி பிய்ந்துகொண்டு மாடி முழுக்கத் தண்ணீர். அன்றிலிருந்து இரும்பு வாளிதான். மீன் அங்காடியில் தொங்கும் ஸ்பிரிங் தராசு கிடைத்தால் இன்னும் வசதி.

ஒரே கயிற்றிலிருந்து ஐந்து துண்டு வெட்டிச் சோதியுங்கள். சராசரி எடுக்காதீர்கள், ஐந்தில் மிகக் குறைந்த எண்தான் உங்கள் கயிற்றின் எண். அதையும் ஐந்தால் வகுத்து வருவதைத்தான் அன்றாடம் தொங்கவிடலாம். குறைந்தது 15 கிலோ என்றால், தொட்டிச் செடி 3 கிலோவைத் தாண்டக் கூடாது.

அறுந்ததும் வாளியை எடுக்கப் போகாதீர்கள். இரண்டு முனைகளையும் எடுங்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் காசிமேட்டில் வலை பழுதுபார்க்கும் ஒரு நைனா. ஆறு லிட்டரிலேயே அறுந்த கயிறு ஒன்றை அவரிடம் கொண்டுபோய், எருக்கு சரியில்லை என்று புலம்பினேன். நைலானில் ஓடிக்கொண்டிருந்த ஊசியை நிறுத்திவிட்டு, கயிற்றைப் பார்க்காமல் அறுந்த நுனி இரண்டையும் கேட்டார். ஒன்றைக் கட்டை விரல் நகத்தின் மேல் வைத்து விரித்தார். இழைகள் ஒன்றுகூட ஒடிந்திருக்கவில்லை. நீளநீளமாக, நுனி கூர்த்து, எலிவால்போல வெளியே வந்திருந்தன. "இது அறுந்ததில்லையே தம்பி, உருவிக்கொண்டு வந்திருக்கிறது" என்றார். மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

### நுனி எலிவால்போல நீளமாக இருந்தால்

இணைப்பு வழுக்கியிருக்கிறது. புதிய நாரைப் போதிய நீளம் உள்ளே விடவில்லை. எருக்கு நார் பட்டுபோல வழவழப்பானது. ஒரு சாணாவது பழைய நாரோடு சேர்ந்து முறுக்கேற வேண்டும். ஆனைக்கற்றாழை சொரசொரப்பானது, அரைச் சாண் போதும். புதிய நாரின் நுனியை ஒரே வெட்டாக வெட்டாமல், பிய்த்து மெலியவைத்துச் சேருங்கள். புரி முழுவதும் தீரும்வரை காத்திருக்காதீர்கள். கால்வாசி மெலிந்ததுமே சேர்த்துவிட வேண்டும்.

### இரண்டு முனையிலும் எலிவால் ஒரே இடத்தில் இரட்டையாக இருந்தால்

இரண்டு புரியின் இணைப்பும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்துவிட்டது. தொடக்கத்தில் நாரைச் சரிபாதியாக மடித்ததன் வினை இது. மூன்றில் ஒரு பங்கு இந்தப் பக்கம், இரண்டு பங்கு அந்தப் பக்கம் என்று மடியுங்கள். ஒன்று தீரும்போது மற்றது நடுவழியில் இருக்கும். இணைப்புகளுக்கிடையே குறைந்தது ஒரு சாண் இடைவெளி.

### நுனி துடைப்பம்போலக் குட்டையாக, முடிச்சை ஒட்டி அறுந்திருந்தால்

கயிறு நல்ல கயிறு, முடிச்சுதான் குற்றவாளி. சாதாரண முடிச்சு கயிற்றின் பலத்தில் ஏறக்குறைய பாதியைக் குறைத்துவிடும். முடிச்சுக்குப் பதிலாகச் சுற்றிக் கட்டுங்கள். கட்டுகிற கம்பி எவ்வளவு பருமனோ அவ்வளவு நல்லது. ஆணியில் மாட்டுவதைவிட மூங்கிலில் சுற்றிய கயிறு வெகுநாள் நிற்கும்.

### துடைப்பம்போல, நடுவில் அறுந்திருந்தால்

அந்த இடம் மெலிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை இரு விரலுக்கு நடுவே உருவுங்கள், விரலுக்குத் தெரியும். காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் பிளவு ஒன்று வெட்டி, திரிக்கும்போதே கயிற்றை அதில் ஓட்டிப் பாருங்கள். ஆடினால் அங்கே நார் சேருங்கள், சிக்கினால் குறையுங்கள். பிள்ளைகளுக்கு இந்த அட்டை ஒரு விளையாட்டு. பெரியவர்களைவிட அவர்கள் கயிறு சீராக வருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

### தொட்டால் நுனி பொடியாக உதிர்ந்தால்

மக்கிய நார். முயற்சி செய்ய எதுவுமில்லை.

### சோதனையில் நின்றது, இரண்டு நாள் கழித்து அறுந்தது

சுமை மிகுதி அல்லது உராய்வு. கயிறு சுவர் விளிம்பில் உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். கடற்காற்று நாளெல்லாம் தொட்டியை ஆட்டும், சிமென்ட் விளிம்பு அரம்போல வேலை செய்யும். அந்த இடத்தில் ஒரு துண்டு பழைய தண்ணீர்க் குழாயைச் செருகுங்கள். உரசல் இல்லையென்றால், தீர்மானித்த சுமையை 24 மணி நேரம் சாக்கின் மேல் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே தலைக்குமேல் மாட்டுங்கள்.

### எங்கே நிறுத்த வேண்டும்

ஊஞ்சல், குழந்தையின் தூளி, கிணற்று வாளி, ஆள் ஏறும் எதுவும் இந்தக் கயிற்றுக்கு வேலை இல்லை. வாளிச் சோதனையில் ஐம்பது கிலோ தாங்கியது என்று யாராவது ஆசை காட்டினாலும் இல்லை. கையால் திரித்ததில் இந்தச் சாணுக்கும் அடுத்த சாணுக்கும் உறவே இருக்காது. தூளிக்கும் ஊஞ்சலுக்கும் தாங்கும் எடை குறிப்பிட்ட கயிற்றைக் கடையில் வாங்குங்கள். உயரத்தில் பந்தல் போடுவதென்றால் சாரம் கட்டுபவரைக் கூப்பிடுங்கள். அவர் கூலி எலும்பு மருத்துவர் கேட்பதைவிடக் குறைவு.

## மழையில் விறைக்கிறது, வெயிலில் தொங்குகிறது

நார்க்கயிறு நனைந்தால் பருத்து, நீளத்தில் சுருங்கும். காய்ந்தால் தளரும். இது கோளாறு இல்லை, குணம். தண்ணீர் சொட்டச் சொட்டத் திரித்தால் மட்டும்தான் கோளாறு: அந்த நீர் வற்றியதும் புரிகளுக்குள் இடம் விட்டுப்போய்க் கயிறு தொளதொளவென்று ஆகும்.

கட்டும்போதே காலத்தைக் கணக்கில் வையுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் பந்தல் கயிற்றை விறைப்பாகக் கட்டினால் முதல் மழையில் மூங்கில் வளையும். கயிற்றின் நடுவில் இரண்டு விரல் நுழைகிற தொய்வு விடுங்கள். நனைந்த முடிச்சை அவிழ்க்கப் போராடாதீர்கள், காயும்வரை பொறுங்கள். தொய்வும் சுருக்கமும் ஆகவே ஆகாது என்றால் தேன்மெழுகைக் கயிற்றின் மேல் அழுத்தித் தேய்த்து, துணியால் உருவிவிடுங்கள். தண்ணீர் ஏறுவது குறையும், நிற்காது.

## கறுப்புப் புள்ளி, புழுங்கல் நாற்றம்

நவம்பரில் எல்லோருடைய கயிற்றிலும் வரும். துடைத்துப் பாருங்கள். புள்ளி துணியோடு வந்துவிட்டால் மேலோட்டமான பூஞ்சைதான். காற்றோட்டமான நிழலில் உலர்த்தினால் சரியாகும். வராவிட்டால் ஒரு துண்டை வெட்டி வாளிச் சோதனை செய்யுங்கள். பழைய எண்ணில் பாதிகூட வரவில்லையென்றால் இறக்கிவிடுங்கள்.

மிச்சக் கயிற்றைச் சேமிக்கும்போது பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்காதீர்கள், உள்ளேயே புழுங்கும். வளையமாகச் சுருட்டி ஆணியில் மாட்டுங்கள். அவரைக் கொடி காய்த்து முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது பழைய கயிற்றை அவிழ்த்தெடுக்க மெனக்கெட வேண்டாம். கொடியோடு சேர்த்து நறுக்கி உரத்தொட்டியில் போட்டுவிட்டு, எருக்கு எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்று காலி மனையை எட்டிப் பாருங்கள்.